சூடான என்ஜினில் மட்டும் வலது மேக்னெட்டோ தகராறு: எங்கே தேடுவது?

எங்கள் சின்ன பறக்கும் கிளப்பில் இருப்பது ஒரே ஒரு செஸ்னா 152 விமானம், என்ஜின் லைக்கமிங் ஓ-235. பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ அதில் இடது, வலது என இரண்டு. மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலையில் முதல் தடவை ரன்-அப்பில் (பறக்கும் முன் செய்யும் என்ஜின் சோதனை) 1700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வைத்து, ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓடும்படி சாவியைத் திருப்பினால் இரண்டு பக்கமும் 70 ஆர்பிஎம் அளவில்தான் இறங்குகிறது. ஒரு மணி நேரம் பறந்து வந்து, சூடு ஆறும் முன் மறுபடி பார்த்தால் இடது பக்கம் அதே 70. வலது மட்டும் 180. கையேடு சொல்லும் உச்சவரம்பு 125. என்ஜினும் உதறுகிறது, டாஷ்போர்டில் வைத்த பேனா உருண்டு விழும் அளவுக்கு.

முதலில் பெட்ரோலில் உள்ள ஈயம் பிளக்கில் படிந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். மிக்ஸ்சரை லீன் செய்து (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து) ஒரு நிமிடம் ஓட்டினோம், மாற்றமில்லை. கீழ் பிளக்குகளில் கடுகு போல ஈய மணிகள் இருந்தன. எடுத்துச் சுத்தம் செய்தோம். மேல் பிளக்குகளையும் கீழ் பிளக்குகளையும் இடம் மாற்றினோம். கோளாறு பிளக்கோடு போகவில்லை, வலது பக்கமே நிற்கிறது. மெக்கானிக் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்த்தார், சரியாம்.

"மேலே போனால் சரியாகிவிடும்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். சாவியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டேன். மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவார்.

சூட்டில் மட்டும் இப்படி ஆனால், மேக்னெட்டோவைக் கழற்றுவதற்கு முன் ஹார்னஸை (பிளக்குகளுக்குப் போகும் வயர்கள்) சோதிக்கச் சொல்வதா, இல்லை நேராக மேக்னெட்டோவுக்குள் இருக்கும் காயிலையும் கண்டென்சரையும் பார்க்கச் சொல்வதா?