செவ்வாய்க்கிழமைப் பயணம்: பலெர்மோ (சிசிலி, இத்தாலி) கல்யாண வீட்டுக் குழு

வதனி: கல்யாண வேலை ஒருவாறு ஓய்ந்துவிட்டது. பெரியம்மா புதன்கிழமை விமானம் ஏறுகிறார். செவ்வாய்க்கிழமை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

ரூபன்: நான்.

தர்ஷினி: எங்கே என்று சொன்னால்தானே அக்கா.

குகன்: நான் சொல்கிறேன். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் முதலில் செஜெஸ்தா. மலைச்சரிவில் தன்னந்தனியாக நிற்கும் பழைய கோயில், கி.மு. 5ஆம் நூற்றாண்டு, 36 தூண்கள், கூரை இல்லை. கட்டியவர்கள் கிரேக்கர்கள் அல்லர், எலிமியர் என்ற உள்ளூர் மக்கள். கட்டி முடிக்காமலே விட்டுவிட்டார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: தூண்களில் வரிப்பள்ளம் வெட்டவில்லை. படிக்கற்களைத் தூக்குவதற்கு விட்ட முண்டுகள்கூட இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சிற்பி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், வந்து மிச்சத்தைச் செதுக்குவார் என்றே தோன்றும்.

அபி: அப்பா, சிங்காரோ இயற்கைக் காப்பகம்.

பெரியம்மா: அங்கே இப்போது பூசை நடக்கிறதா தம்பி?

குகன்: இல்லை மாமி. பார்க்க மட்டும்தான்.

பெரியம்மா: எனக்குப் புனித ரொசாலியா அம்மாவைக் கும்பிட்டால் போதும்.

வதனி: சொன்னேனே.

குகன்: மாமி, அதுவும் திட்டத்தில் இருக்கிறது. ரொசாலியா அம்மாவின் குகைக் கோயில் இருக்கும் மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஊருக்குப் பக்கத்தில்தானே, திங்கள் காலையே போய் வரலாம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அந்தக் குகையில் கிடைத்த அவருடைய எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகுதான் நோய் தணிந்தது என்பது இந்த ஊரார் நம்பிக்கை. கூரைப் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலி கட்டி வழிய விட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள், சைவர்களும்தான், அங்கே போய் நேர்த்தி வைக்கிறார்கள்.

பெரியம்மா: அந்தத் தண்ணீர் ஒரு போத்தல் வேண்டும்.

ரூபன்: விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் பெரியம்மா. பெட்டிக்குள் வையுங்கள்.

தர்ஷினி: செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கதைப்போமா?

குகன்: செஜெஸ்தாவிலிருந்து திராப்பானி நகரம். அங்கே கேபிள் காரில் ஏறினால் எரிச்சே என்ற மலையூர், ஏறத்தாழ 750 மீட்டர் உயரம். காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அப்போது வான் வண்டியிலேயே மலை ஏற வேண்டும். மேலே ரோமானியரின் காதல் தெய்வமான வீனஸின் கோயில் இருந்த இடத்தில் நோர்மன் கோட்டை. கீழே வெயில் எரிக்கும்போது மேலே மேகம் வந்து தெருவை மூடிவிடும். அதை ‘வீனஸின் முத்தம்’ என்கிறார்கள். எல்லாரும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், மாமிக்குச் சப்பாத்துத்தான், செருப்பு வேண்டாம்.

ரூபன்: சாப்பாடு?

வதனி: புளிச்சோறு கட்டுகிறேன்.

அபி: எரிச்சேயில் ஜெனொவேசே என்ற இனிப்புப் பண்டம். உள்ளே சுடச்சுட கஸ்டர்ட். அம்மம்மாவுக்குப் பிடிக்கும்.

பெரியம்மா: முட்டை போடுவார்களா?

அபி: போடுவார்கள்.

பெரியம்மா: செவ்வாய்க்கிழமை சாப்பிடமாட்டேன்.

குகன்: திரும்பும்போது திராப்பானி உப்பளம். காற்றாலைகள் நிற்கும். உப்புக் குவியலை மழையில் கரையாமல் ஓடு அடுக்கி மூடியிருப்பார்கள்.

பெரியம்மா: ஓடா? பெரியப்பா ஆனையிறவு உப்பளத்தில் கணக்கு எழுதிய காலத்தில் கிடுகு போட்டுத்தான் மூடுவார்கள். அதை நான் பார்க்க வேண்டும். கட்டாயம் பார்க்க வேண்டும்.

வதனி: அப்படியென்றால் உப்பளம் உறுதி.

அபி: சிங்காரோவை யாரும் கேட்கவில்லை. 1980இல் கடற்கரையோரம் வீதி போட வந்தபோது ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்த் தடுத்த இடம். அடுத்த ஆண்டே சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் ஆனது. வாகனமே போகாது. நடந்துதான் போக வேண்டும்.

வதனி: பெரியம்மா நடப்பாரா?

அபி: ரூபன் மாமாவும் நானும் போகிறோம்.

ரூபன்: நான் எதுவும் சொல்லவில்லை.

தர்ஷினி: வான் எத்தனை பேருக்கு?

குகன்: ஒன்பது பேருக்கு, ஓட்டுபவரையும் சேர்த்து. அதற்கு மேற்பட்ட வாகனத்துக்கு என் உரிமம் போதாது. ஆகவே இரண்டு வான். இரண்டாவதை யார் ஓட்டுவது?

ரூபன்: எனக்கு லண்டனில் இடப்பக்கம் ஓட்டித்தான் பழக்கம். மலை வளைவில் வேண்டாம்.

வதனி: மோகன் ஓட்டலாமே. கனடாவில் வலப்பக்கம்தானே.

தர்ஷினி: அவரைக் கேட்க வேண்டும்.

வதனி: கேள். நயாகராவுக்குப் போன அன்று வானில் இடமில்லை என்று எங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். இந்த முறை இடத்துக்குக் குறைவில்லை.

தர்ஷினி: அக்கா, அது ஆறு வருடத்துக் கதை. அன்று அவருடைய அம்மாவுக்குச் சக்கர நாற்காலி ஏற்ற வேண்டியிருந்தது. உனக்கும் தெரியும்.

வதனி: ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா: பிள்ளைகளே, இதை விடுங்கள்.

குகன்: எல்லாரும் ஒன்று கேளுங்கள். நம் ஆட்கள் பலெர்மோவுக்கு வந்தால் கல்யாண மண்டபத்தையும் பலாரோ சந்தையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்களை வாழவைத்த தீவு இது. அதன் மலையையும் உப்பையும் என் வீட்டு ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. மோகன், நீங்கள் ஓட்டினால் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

மோகன்: ஓட்டுகிறேன் அண்ணா. கனடா உரிமம் மட்டும் போதுமா?

குகன்: சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் வேண்டும். கொண்டு வந்தீர்களா?

மோகன்: பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியம்மா: உப்பளத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?

குகன்: மாலை 5 மணிக்குள் மாமி.

வதனி: இன்றிரவுக்குள் பெயர் சொல்லுங்கள். இல்லையென்றால் புளிச்சோற்றுக்கு எவ்வளவு அரிசி போடுவது?

அபி: அப்பா, சிங்காரோ புதன்கிழமை?

வதனி: புதன்கிழமை பெரியம்மாவின் விமானம்.

தர்ஷினி: மோகன் இன்னும் பெட்டியைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறார்.