பறவைகளோடு துயரம் ஆறும் நாவல் ஒன்று சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கணவரை இழந்த என் அக்காவுக்குக் கொடுக்க ஒரு நாவல் தேடுகிறேன். துக்கத்தில் இருக்கும் ஒருவர், வயதாலோ வாழ்க்கையாலோ தனக்குச் சற்றும் பொருந்தாத இன்னொருவரோடு பறவைகளின் வழியாக நட்பாகும் கதையாக இருந்தால் நல்லது. அக்கா இப்போது யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. சிட்டுக்குருவிகள் புழுதியில் புரண்டு சிறகடித்துக் குளிக்கும்போது மட்டும் எழுந்து ஜன்னலருகே போய் நிற்கிறார்.

ஹெலன் மெக்டொனால்டின் 'எச் இஸ் ஃபார் ஹாக்' (2014) படித்திருக்கிறேன். தந்தையை இழந்தவர் ஒரு வேட்டைப் பறவையைப் பழக்கும் அனுபவம். அருமையான நூல், ஆனால் அது நாவல் அல்ல, அதில் தனிமையே மேலோங்கி நிற்கிறது.

பறவை வெறும் குறியீடாக நின்றுவிடாமல், இரை தேடி, கூடு கட்டி, குஞ்சு வளர்க்கும் உயிராகக் கதையில் நடமாட வேண்டும். கடைசி அத்தியாயத்தில் துக்கம் மாயமாக மறைந்துவிடும் கதைகள் வேண்டவே வேண்டாம். துயரத்தில் இருப்பவரை அவை மேலும் காயப்படுத்தும்.

தமிழில் எழுதப்பட்டதென்றால் மிக்க மகிழ்ச்சி, மொழிபெயர்ப்பும் சரிதான். நூலின் பெயரோடு, மரணம் அதில் எவ்வளவு நேரடியாக விவரிக்கப்படுகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மருத்துவமனைக் காட்சிகளை அவரால் இப்போது தாங்க முடியாது.