தற்செயலாகக் கிடைத்தது யாருக்குச் சொந்தம்? – அனுபவப் பகிர்வு

இருட்டறை எழுதியது:

இருட்டறையில் பிரோமைடு தாளில், அதாவது ஒளி பட்டால் கறுக்கும் புகைப்படத் தாளில், படம் போட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வேப்பமரத்தின் உச்சிக்கிளை ஒன்று உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் தட்டில் பாதி உருவம் பெற்றிருந்த வேளையில் அண்ணன் மகள் கதவைத் திறந்துவிட்டாள். "சித்தப்பா, பாட்டி சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் தட்டின்மீது விழுந்துவிட்டது. வெளுத்திருக்க வேண்டிய வானம் என் கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுத்தது. ஆனால் இலையும் வானமும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் கருமை ஏறாமல், ஒவ்வோர் இலையைச் சுற்றியும் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு நின்றது. தாளை எடுத்து எறியக் கை நீட்டினேன். "இதுதான் நல்லா இருக்கு, காயப் போடுங்க" என்று தடுத்தவளும் அவள்தான்.

இந்த விளைவைச் சபாத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1860-களிலேயே எழுதி வைத்திருக்கிறார். 1929 வாக்கில் பாரிஸில், புகைப்படக் கலைஞர் மேன் ரேயின் இருட்டறையில், காலில் ஏதோ ஊர்ந்ததும் தாம் பதறிப்போய் விளக்கைப் போட்டதிலிருந்துதான் தாங்கள் இருவரும் இதைக் கையாளத் தொடங்கியதாக, அவருடன் பணியாற்றிய லீ மில்லர் பின்னாளில் கூறினார். ஆயினும் அந்தப் பாணி பெரும்பாலும் மேன் ரேயின் பெயராலேயே பேசப்படுகிறது. என் வேப்பமரப் படத்தை யாரேனும் பாராட்டும்போதெல்லாம், அது யாருடைய படம் என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

சூளைமண் எழுதியது:

என்னுடையதில் கதவைத் திறந்தவர் என்றுகூட ஒருவரும் இல்லை. மட்பாண்டம் சுடும் என் எரிவாயுச் சூளை உச்ச வெப்பத்தில் இருந்தபோது மின்சாரம் நின்று, காற்றை ஊதும் புளோயரும் நின்றுவிட்டது. பாண்டத்தின்மேல் பூசும் செம்பு கலந்த பூச்சு காற்றோட்டத்தில் பச்சையாகத்தான் வரும். காற்று போதாதபோது தீ பூச்சிலிருந்தே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, அதே செம்பு சிவக்கும். மறுநாள் சூளையைத் திறந்தால், பர்னருக்கு அருகில் இருந்த ஒரு குடுவையின் ஒரு பக்கம் மட்டும் பழுத்த மிளகாயின் நிறத்தில் இருந்தது. தோளிலிருந்து இறங்கிய அந்தச் சிவப்பு, பச்சையைத் தொடும் இடத்தில் ஈரல் நிறமாக மங்கியிருந்தது. சீனாவில் ஷ்வான்தே பேரரசர் காலத்தில், 1426 முதல் 1435 வரை, இந்தச் சிவப்பை வேண்டும் என்றே வரவழைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு பக்கத்தில் ஒரு முறை வந்தது. அதைச் சூளையுடையது என்று சொல்வதே நியாயம் என்று நினைக்கிறேன்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

சூளை எதையும் கவனிப்பதில்லை. கவனித்தவருக்கே அது உரியது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அனிலின் சல்பேட்டோடு பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்து முடித்த மாணவி ஒருத்தி, குடுவையில் ஒட்டிய கரிய படிவு சோப்புக்கு மசியாததால் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கினாள். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு ஓடியது. "மேடம், இது எங்கே இருந்து வருது?" என்று கேட்டவள், குழாயை மூடிவிட்டு நின்றாள்.

1856-இல் ஈஸ்டர் விடுமுறையில், லண்டனில் தம் வீட்டு ஆய்வகத்தில், 18 வயது வேதியியல் மாணவர் வில்லியம் பெர்கின் கண்டதும் இதையே. மலேரியா மருந்தான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றவருக்குக் கரிய கசடுதான் கிடைத்தது. அதில் ஊதா ஒளிந்திருப்பதை ஆல்கஹால் காட்டியது. அவருடைய அனிலினில் டொலுடின் என்ற வேறொரு சேர்மம் கலப்படமாக இருந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தூய அனிலினாக இருந்திருந்தால் அந்த ஊதா வந்தே இராது. ஆனால் கசடைக் கொட்டாமல், பட்டில் தோய்த்துப் பார்த்து, ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இருந்த சாயத் தொழிலகத்துக்கு மாதிரி அனுப்பி, காப்புரிமை பெற்று, 1857-இல் கிரீன்ஃபோர்டில் ஆலையையும் தொடங்கியவர் பெர்கின்தான்.

ஆகவே இருட்டறை நண்பருக்கும் சூளை நண்பருக்கும் சொல்கிறேன்: எதிர்பாராதது நேர்ந்தவுடன் எதையும் கழுவாதீர்கள், எறியாதீர்கள், முதலில் எடை போடுங்கள். 1938 ஏப்ரல் 6 அன்று வேதியியலாளர் ராய் பிளங்கெட்டின் வாயு உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. எடையோ குறையாமல் இருந்தது. அந்த முரணை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் உருளையை அறுத்துப் பார்த்தார்கள். டெஃப்லான் என்று நாம் இன்று அறியும் வெள்ளைப் பொடி உள்ளே இருந்தது. நீங்களும் அன்றைய வெப்பநிலை, கரைசலின் வயது, கதவு எவ்வளவு திறந்திருந்தது, புளோயர் எந்த நேரத்தில் நின்றது, குடுவை பர்னரிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பவற்றை அன்றிரவே எழுதி வைக்க வேண்டும். மறுநாள் எழுதினால் நினைவு தன் விருப்பப்படி திருத்திவிடும். அந்தக் குடுவையோடு சூளைக்குள் போன மற்றவற்றையும் விற்காமல் வைத்திருங்கள். சிவக்காதவை ஏன் சிவக்கவில்லை என்பதிலும் பாதி விடை இருக்கிறது.

நுண்ணுயிர்க்கூடம் எழுதியது:

ஆசிரியை அம்மா, கவனித்தவருக்கே உரியது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் அறையைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்து, தன்னைச் சுற்றிலும் அவற்றைக் கரைத்திருந்ததை 1928 செப்டம்பரில் அவர் கண்ட இடம் அது. வாசலில் நின்றபோது அறை இவ்வளவு சிறியதா என்றுதான் தோன்றியது. ஃபிளெமிங் கவனித்தார், 1929-இல் கட்டுரையும் எழுதினார். ஆனால் நோயாளிக்குச் செலுத்தும் அளவுக்கு பூஞ்சை சுரந்த பெனிசிலினைத் தூய்மையாக்கிப் பெருக்க அங்கே இயலவில்லை.

அதைச் செய்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி முதலிய ஆய்வாளர்கள். 1940 மே மாதம் 8 எலிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, 4-க்கு மட்டும் பெனிசிலின் கொடுத்த இரவில், நள்ளிரவு கடந்தும் அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் நார்மன் ஹீட்லி. மருந்து பெறாத நான்கும் விடியுமுன் இறந்தன. பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் போதாமல் மருத்துவமனைப் படுக்கைக்கலங்களை (பெட்பேன்) பயன்படுத்தி, பிறகு அதற்கென்றே பீங்கான் கலங்களை வடிவமைத்தவரும் அவரே. 1941-இல் சிகிச்சை பெற்ற காவலர் ஒருவரின் சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டு அவருக்கே மறுபடி கொடுத்தார்கள். தேறிவந்தவர் மருந்து தீர்ந்ததும் இறந்துபோனார். 1945-இன் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் போயிற்று, ஹீட்லிக்கு இல்லை.

சூளைமண் எழுதியது:

ஆசிரியை சொன்னபடி எஞ்சிய குடுவைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் நுண்ணுயிர்க்கூடம் நண்பர் ஃபிளெமிங்கை இவ்வளவு விரைவாகக் கடந்து சென்றிருக்க வேண்டாம். அந்தப் பூஞ்சையை அவர் சாகவிடாமல் வளர்த்து, கேட்ட மற்ற ஆய்வகங்களுக்கும் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் வேலையைத் தொடங்கியபோது அதன் வழிவந்த வளர்ப்பு அவர்களுடைய கட்டடத்திலேயே இருந்தது.