குளிசை மிதக்குதா, தாழுதா?

மாங்குளத்தான்:
சலரோகத்துக்குப் போடுற மெற்போமின் ஸ்லோ குளிசை, மருந்தை மெல்ல மெல்ல விடுறது, இரைப்பைக்க கட்டுமரம் மாதிரி மிதந்துகொண்டு கிடக்குமாம். நேற்று இங்க ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். என்ர குளிசையைத் தம்ளர் தண்ணியில போட்டன். கல்லு மாதிரித் தாண்டது.

நெடுங்கேணி பாமசி:
மேதாவி நான்தான். இரைப்பைக்க இருக்கிறது கிணத்துத் தண்ணியே? அமிலம். மிதக்கிற குளிசை சிலதுக்க அப்பச்சோடா இருக்கும். அமிலம் பட்டதும் வாயு வரும், ஊதின பசைக்க அம்பிடும், குளிசை மேல வரும்.

மாங்குளத்தான்:
தேசிக்காய்ப் புளியும் விட்டன். தாண்டது.

வற்றாப்பளை அக்கா:
மிதக்கிறது ஒரு வகை, ஊதிப் பெருத்து இரைப்பை வாசலால இறங்கேலாமல் நிக்கிறது வேற வகை. ரெண்டுமில்லாத ஸ்லோ குளிசையும் இருக்கு. பெட்டியைப் பாருங்கோவன்.

மாங்குளத்தான்:
பெட்டி கிடக்கட்டும் அக்கா. மிதக்குதா இல்லையா?

நெடுங்கேணி பாமசி:
மெற்போமினைக் கூடுதலா உறிஞ்சுறது சிறுகுடலின்ர மேற்பக்கம். கெதியா இறங்கினா மருந்து வீண். அதுதான் மேல மறிச்சு வச்சு, குளத்துத் துருசு திறக்கிற மாதிரி மெல்ல மெல்ல விடுறது.

மாங்குளத்தான்:
துருசைப் பற்றி எனக்குச் சொல்லாதையும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்தவன் நான்.

முரசுமோட்டைப் பெடியன்:
அண்ணை, இரணைமடுத் தண்ணி வடக்கால எங்கட பக்கமெல்லோ ஓடுது? மாங்குளம் குளத்துக்குத் தெற்கால. 😂

மாங்குளத்தான்:
உருத்திரபுரத்தில மாமாவின்ர வயல். வாயைப் பொத்தும்.

முரசுமோட்டைப் பெடியன்:
மாமாவின்ர வயலில நீங்கள் வரம்பில இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பியள். அது போகட்டும், எங்கட அம்மாவுக்குக் குளிசை முழுசா மலத்தோட வருது. சும்மா காசு கரியோ?

நெடுங்கேணி பாமசி:
அது கோது தம்பி. மருந்து ஊறிப் போட்டுது, சக்கை வருது. இன்னொண்டு, வெறும் வயித்தில ஒண்டரை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரைப்பை தும்புத்தடியால கூட்டின மாதிரி எல்லாத்தையும் கீழ தள்ளும். மிதக்கிறதும் தப்பாது. சாப்பாட்டோட போடச் சொல்லுறது சும்மாயில்லை.

மாங்குளத்தான்:
ஆ! நேற்று மிதந்துகொண்டே கிடக்கும் எண்டீர், இண்டைக்குத் தும்புத்தடி. போன மாசம் பப்பாசி இலைச்சாறு விசயத்திலயும் இப்பிடித்தான் நழுவினவர்.

நெடுங்கேணி பாமசி:
பப்பாசியை இழுக்காதையும். அண்டைக்கும் நான் சொன்னதுதான் சரி.

வற்றாப்பளை அக்கா:
மாங்குளத்தார், இண்டைக்குக் குளிசை விழுங்கினியளோ?

மாங்குளத்தான்:
மூண்டு குளிசை தம்ளருக்க கிடக்கு. மனிசி பேசுறா. பாமசிக்காரர் இன்னும் மறுமொழி தரேல்லை: மிதக்குதா இல்லையா?