கொட்டகைக்கு 100 வாட் சோலார் போதுமா?

கேள்வி: அப்பாவின் தச்சுக் கருவிகள் எல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. அங்கே கரண்ட் கிடையாது. இரண்டு 9 வாட் பல்பு, ஒரு 30 வாட் மின்விசிறி, தினம் நாலு மணி நேரம். அப்புறம் டிரில் பேட்டரி ஒன்றைச் சார்ஜ் செய்ய வேண்டும். 100 வாட் மடக்கு பேனலும் 500 வாட்-மணி பவர் ஸ்டேஷனும் (மின்சாரத்தைச் சேமித்துத் தரும் பேட்டரிப் பெட்டி) வாங்கலாமா? அவர் விட்ட வேலையைத் தொடர ஆசை.

பதில் 1: பல்பும் விசிறியும் 192 வாட்-மணி. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி டிரில் பேட்டரிக்கு 72; இழப்பையும் சேர்த்தால் மொத்தம் தினம் 300 வாட்-மணி பக்கம் வரும். 100 வாட் பேனல் நல்ல வெயிலிலேயே 70, 80 வாட்தான் தரும்; நாலு மணி நேரம் நல்ல வெயில் அடித்தால்தான் அந்த 300 தேறும். மேகம் வந்தால் போச்சு. 200 வாட்டாக வாங்குங்கள். ஸ்டேஷன் ஏற்கும் வோல்டேஜ் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: நிழல்தான் பெரிய எதிரி. என் பேனலின் ஓரத்தில் ஒரு முருங்கைக் கிளை நிழல் விழுந்தே பாதி மின்சாரம் போய்விட்டது. ஸ்டேஷனை வெயிலில் வைக்காதீர்கள். என்னுடையது சூடேறி நின்றுவிட்டது. நீளமான கேபிள் போட்டு நிழலில் வையுங்கள்.

கேட்டவர்: சரி, 200 வாட்டே வாங்குகிறேன். 1200 வாட் வட்ட ரம்பம் ஓடுமா?

பதில் 1: அந்த அளவு ஸ்டேஷனில் ஓடாது. மோட்டார் கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பேட்டரி ரம்பம் வாங்குங்கள்.