தகரக் கூரை வீட்டுக்கு நட்சத்திரம் போட முடியுமா?

நானுஓயாக்காரன்:
நானுஓயா மலைக் குளிர்ல 650 சதுர அடி வீடு, தகரக் கூரை, சீலிங் இல்ல. 1000 வாட் ரூம் ஹீட்டர் ரெண்டு ஓடியும் குளிர் விடுறதில்ல. விடியக்காலைல தகரத்துல இருந்து சொட்டுது. பிரிஜ்ல ஸ்டார் ஸ்டிக்கர் பார்க்கிற மாதிரி வீட்டையும் அளக்க வழி இருக்குங்களா?

மின்கணக்கு:
அந்த ஸ்டிக்கர் சாமான்களுக்கு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை கொடுக்கிறது. வீட்டுக்கு நீங்களே கணக்குப் போடலாம். 12 மாச பில் யூனிட்டைக் கூட்டி, சதுர மீற்றரால வகுங்க. உங்க வீடு 60 சதுர மீற்றர். மாசம் 150 யூனிட்னா வருஷத்துக்கு 1800, வகுத்தா சதுர மீற்றருக்கு 30 யூனிட். இது குறைஞ்சா வீடு திருந்துதுன்னு அர்த்தம். கேஸையும் சேர்க்க மறக்காதீங்க: 12.5 கிலோ சிலிண்டர் ஒன்னு ஏறத்தாழ 160 யூனிட். விறகு காய்ஞ்சதா இருந்தா கிலோவுக்கு 4. இதை விட்டுட்டா, அடுப்பை மாத்தினதும் வீடே திருந்தின மாதிரி தெரியும்.

கூரைவேலை:
அண்ணே, ஹீட்டர்ல குறை இல்ல. வெறும் தகரத்துல ஒரு சதுர மீற்றருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசத்துக்கு 7 வாட் போகும். 10 பாகைன்னா 60 சதுர மீற்றர்ல 4200 வாட். நீங்க கொடுக்கிறது 2000. சீலிங் போட்டு மேல 50 மி.மீ. கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) விரிச்சா அது 400 வாட்டுக்குக் கிட்ட இறங்கும்.

சொட்டுறது ஒழுக்குன்னு நெனச்சு ஆணிக்கு தார் பூசாதீங்க. மழை இல்லாத, வானம் தெளிஞ்ச ராத்திரியில தகரம் காத்தைவிடக் குளிர்ந்துடும். சமையல், மூச்சு ஈரம் அதுல படிஞ்சு, அலைப் பள்ளத்தோடயே வழிஞ்சு ரீப்பைல (தகரத்தைத் தாங்குற மரச்சட்டம்) வந்து விழும். அதனால பொலித்தீனை சீலிங்குக்கும் வூலுக்கும் நடுவுல, அறைப் பக்கமா போடுங்க, ஒட்டுற இடத்துல ஒன்னு மேல ஒன்னு 15 செ.மீ. ஏறணும். மேல்பக்கம் போட்டா வூல் ஊறிடும். வூலுக்கும் தகரத்துக்கும் 25 மி.மீ. இடைவெளி, இறவாணத்துல (கூரை ஓரத்துல) காத்துவழி. வூலை அமுக்கிச் செருகினா பாதிப் பலன் போச்சு.

நானுஓயாக்காரன்:
ரெஜிபோம் (வெள்ளை தெர்மகோல் அட்டை) ஒட்டினா மலிவா முடியாதா?

கூரைவேலை:
வேணாம். சீக்கிரம் தீப்பிடிக்கும், புகை நஞ்சு. விறகடுப்பு இருக்கிற வீட்டுக்கு ஆகவே ஆகாது.

மின்கணக்கு:
ஒன்னு மட்டும் கவனம். கதவு இடுக்கு, சுவர்த்தலை ஓட்டை எல்லாம் அடைக்கலாம். ஆனா இறவாணக் காத்துவழியையும் அடுப்படி காத்துவழியையும் அடைக்காதீங்க, கரிச்சட்டியை படுக்கிற அறைக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. இறுக்கி அடைச்ச வீட்டுல, கரியும் விறகும் எரியும்போது வர்ற காபன் மொனொக்சைட்டு வாயு மணமில்லாம தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும்.