வேலூரில் பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறீர்களா? முதலில் சுவர் ஈரத்தைக் கவனியுங்கள்

வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட கூரை) வீட்டை வாங்கிச் சரிசெய்து, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்கு ஈரவாடை இல்லாத அறைதான் முக்கியம், பளபளப்பெல்லாம் அப்புறம். வீடு வாங்கிப் போடுபவர் தன் கையால் கற்க வேண்டிய முதல் வேலை சுவர் ஈரம்தான் என்பேன்.

அந்த வீட்டில் இடுப்பளவுக்குச் சுவரெங்கும் உப்பு பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், புட்டி வைத்து இரண்டு கோட் எமல்ஷன் அடித்தால் போதும் என்றார். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "உள்ளே சுண்ணாம்புக் காரை தம்பி. மேலே சிமெண்ட் பூசி மூச்சை அடைச்சிட்டாங்க."

அதுதான் விஷயம். பழைய சுவர்களுக்கு அடியில் டி.பி.சி., அதாவது தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் படலம், பெரும்பாலும் இருக்காது, தரை ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறும், அதோடு வரும் உப்பு, பூச்சையே தள்ளிவிடும்.

ஈரம் ஏறிய இடத்துக்கு ஓரடி மேல் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்தேன். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். கோடை முழுக்கக் காயவிட்டோம், வேலூர் வெயில் இதற்கு நல்ல துணை. பிறகு புதுப் பூச்சு: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். கரணை பிடிக்க அந்தப் பெரியவரே சொல்லிக்கொடுத்தார். முதல் பூச்சு இறுகும்வரை அடுத்ததைத் தொடவிடமாட்டார். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். மேலே வெள்ளையடித்ததோடு சரி.

இதற்கெல்லாம் முன்னால், ஈரம் குளியலறையிலிருந்து வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, ஓரங்குலத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் கோளாறு அங்கேதான். டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி, தண்ணீர் புகாத எபாக்சி பசைக் கலவையை நிரப்ப யாரும் பழகிக்கொள்ளலாம்.

வயரிங்கை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஈரம் கண்ட வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடாமல் யாரையும் குடிவைக்க வேண்டாம்.